கூலிம்ல தண்ணிக்கு அடியில ஹாக்கி

போன வாரம் கேன்டீன்ல கேட்ட ஒரு பேச்சு இன்னும் மனசை விட்டுப் போகல. அதான் இந்தப் பதிவு.

ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு பசியாற உட்கார்ந்திருந்தோம். பைக்குள்ள அடங்காம என் ஃபின்ஸ் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. பக்கத்து மேசை அண்ணன் பார்த்துட்டு, "என்னம்மா, லங்காவிக்கா?"ன்னு கேட்டார்.

"இல்லண்ணே, தண்ணிக்கு அடியில ஹாக்கி ஆடப் போறோம்"னேன்.

ரோத்தி சானாயைப் பிச்சுக்கிட்டே சொன்னார்: "அதெல்லாம் காசு உள்ளவன் கடல்ல ஆடுறது. நம்ம ஆளுங்களுக்குப் பந்து இருக்கு, கபடி இருக்கு. தண்ணியில போயி எதுக்கும்மா உயிரை விடணும்?"

அவர் கெட்ட மனசோட சொல்லல. என் அப்பா வயசு. அக்கறையிலதான் சொன்னார். ஆனா அவர் சொன்னதுல எதுவுமே சரியில்ல. இது கடல்ல ஆடுறது இல்ல. காசுக்காரன் கண்டுபிடிச்சதும் இல்ல. உயிரை வாங்குற விளையாட்டும் இல்ல (விதியை மதிச்சு ஆடினா. அதைக் கீழ தனியா சொல்றேன்).

முதல்ல ஆட்டம் என்னன்னு சொல்லிடுறேன். கேக்கிறவங்க எல்லாம் "ஆக்சிஜன் டேங்க் கட்டிக்குவீங்களா?"ன்னுதான் ஆரம்பிக்கிறாங்க.

டேங்க் கிடையாது. ஒரே மூச்சு. மேல வந்து இழுத்துக்கிட்டு திரும்பக் கீழ போகணும்.

நீச்சல் குளத்தோட தரைதான் மைதானம். 25 மீட்டர் நீளம், 15 மீட்டர் வரைக்கும் அகலம், ஆழம் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. தரையில ஒரு பக் கிடக்கும். உள்ள ஈயம், மேல பிளாஸ்டிக் பூச்சு, எடை கிட்டத்தட்ட 1.3 கிலோ. அதனாலதான் மிதக்காம தரையோட கிடக்குது. கையில ஒரு குட்டிக் கட்டை. ஹாக்கி மட்டைன்னு நினைச்சு வர்றவங்க அதைப் பார்த்து ஏமாந்து போவாங்க. 35 சென்டிமீட்டர்தான் உச்ச நீளம். ஒரு கையாலதான் பிடிக்கணும்.

ஒரு அணிக்குப் பத்துப் பேர். ஆறு பேர் தண்ணியில, நாலு பேர் ஓரத்துல காத்திருப்பாங்க. ஆட்டம் ஓடும்போதே மாறிக்கலாம். 15 நிமிஷம், 15 நிமிஷமா ரெண்டு பாதி. ரெண்டு முனையிலயும் 3 மீட்டர் அகலத்துக்கு ஒரு உலோகத் தட்டு, அதுல பக் விழுந்தா கோல். கோல்கீப்பர் கிடையாது. நடுவருங்க ரெண்டு பேர் மாஸ்க் போட்டுக்கிட்டு தண்ணிக்குள்ளயே இருப்பாங்க. தலைமை நடுவர் மேல. விசில் ஊதினா கீழ யாருக்கும் கேக்காதே, அதனால தண்ணிக்குள்ள கேக்கிற மாதிரி மணியோ ஹாரனோ அடிப்பாங்க.

தொடக்கத்துல ரெண்டு அணியும் ஆளுக்கொரு சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். சத்தம் கேட்டதும் நடுவுல கிடக்கிற பக்கை நோக்கி ஒரே பாய்ச்சல். அந்த ஏழெட்டு வினாடிக்காகவே நான் வாரா வாரம் போறேன்.

மேல நின்னு பார்த்தா ஒண்ணும் புரியாது. ஃபின்ஸ் தெரியும், தண்ணி கொதிக்கும், அவ்வளவுதான். மாஸ்க்கை மாட்டிக்கிட்டு முகத்தை உள்ள விட்டாத்தான் ஆட்டமே தெரியும். பெரிய போட்டியில தண்ணிக்குள்ள கேமரா வச்சுத் திரையில காட்டுறாங்க. டிவிக்காரங்க இதைத் தொடாம இருக்கிறதுக்கு, மேல இருந்து ஒண்ணும் தெரியாததுதான் காரணம்னு நினைக்கிறேன்.

சரி, "காசு உள்ளவன் விளையாட்டு" கதைக்கு வர்றேன்.

1954. இங்கிலாந்துல போர்ட்ஸ்மத் கடற்படைத் துறைமுகத்தை ஒட்டி சவுத்சீன்னு ஒரு இடம். அங்க ஆலன் பிளேக்னு ஒருத்தர் முக்குளிப்புக் கிளப் ஒண்ணைத் தொடங்கியிருந்தார். அப்போ இந்த மாதிரி கிளப்புங்களே புதுசு. பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் பிறந்ததே 1953-லதான். குஸ்தோவும் கான்யானும் 1943-ல அக்வாலங் மூச்சுக் கருவியை உருவாக்கின பிறகுதான், சாதாரண ஜனங்க முதுகுல காத்தைக் கட்டிக்கிட்டு கடலுக்குள்ள இறங்குறதுங்கிறது நடக்கிற காரியமாச்சு.

பிளேக்குக்கு ஒரு கவலை. குளிர்காலம் வந்தா கடல்ல கால் வைக்க முடியாது. உறுப்பினருங்க வீட்டோட இருந்துடுவாங்க. அப்படியே கிளப்பு கரைஞ்சு போயிடும். அதனால உள்ளூர் நீச்சல் குளத்துலயே ஆடுற மாதிரி ஒண்ணு வேணும்னு யோசிச்சார். பக்கத்துக்கு எட்டுப் பேர், ஈயக் கட்டி, தள்ளுறதுக்கு ஆளுக்கொரு கட்டை. ஆக்டோபுஷ்னு பேர் வச்சாங்க. பிரிட்டன்ல இன்னைக்கும் அந்தப் பேர்தான் புழக்கத்துல இருக்கு. பக்குக்கு அப்போ ஸ்குவிட்னு பேராம் (கணவாய்! நம்ம ஊர்ல இதைச் சொன்னா எல்லாருக்கும் பசி எடுத்துடுது).

ஒரு ஊர்ல கொஞ்சப் பேர், சீசன் இல்லாத மாசத்துல கூட்டம் கலைஞ்சிடக் கூடாதுன்னு செஞ்ச ஏற்பாடு. மைதானம் கட்டல, ஸ்பான்சர் தேடல. இருந்த குளத்துல, இருந்த மாஸ்க்கும் ஃபின்ஸும் போட்டுக்கிட்டு ஆடினாங்க. இந்தக் கதையை முதல் தடவை படிச்சப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷம். இது நம்மளால செய்ய முடியாததா என்ன?

அப்புறம் அது பரவின விதமும் அப்படித்தான். 1960-கள்ல தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கத்து முக்குளிப்புக்காரங்க ஆட ஆரம்பிச்சாங்க. கனடாவுக்கு 1962-ல ஒரு ஆஸ்திரேலியர் கொண்டு போனார், நார்ம் லீபெக்னு பேர், வான்கூவர்ல முக்குளிப்பு சொல்லிக் கொடுத்தவர். எல்லா நாடும் கூடி ஆட 1979-ல ஒரு முயற்சி நடந்து, நிறவெறி அரசியல்ல சிக்கி நின்னு போச்சு. 1980-ல வான்கூவர்லயே முதல் உலகப் போட்டி நடந்துச்சு. எட்டுப் பேர் ஆறு பேராச்சு, கட்டை சின்னதாச்சு, பக்கை தரையில இருந்து மேல தூக்கி எறியிற வித்தையெல்லாம் வந்துச்சு.

நம்ம வட்டாரத்துல பெருசா பேசப்பட்டது 2019-ல. பிலிப்பைன்ஸ் நடத்தின சீ விளையாட்டுப் போட்டியில முதல் தடவையா இதைச் சேர்த்தாங்க. ஆண், பெண் ரெண்டு பிரிவு. நாலு பேர் ஆட்டம், ஆறு பேர் ஆட்டம்னு ரெண்டு வகை. சிங்கப்பூர் தங்கம் வாங்குச்சு. அந்த வீடியோவைப் பார்த்துத்தான் என் மாதிரி எத்தனையோ பேருக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரிஞ்சது.

அடுத்த போட்டி வியட்நாம்ல (2021-க்கானது, கோவிட்டால 2022 மே மாசம் நடந்துச்சு). அதுல இது இல்ல. சீ விளையாட்டுப் போட்டியில எதைச் சேர்க்கிறது எதை விடுறதுங்கிறதுல நடத்துற நாட்டுக்கு நிறைய அதிகாரம். எனக்கு இதுல உண்மையாவே கோவம். ஒரு பிள்ளை நாலு வருஷம் மூச்சைப் பிடிச்சுப் பழகிட்டு வந்து நிக்கும், அடுத்த தடவை அந்த விளையாட்டே அட்டவணையில இருக்காது.

சரி விடுங்க. கூலிமுக்கு வர்றேன்.

தெரியாதவங்களுக்காக: கூலிம் ஹைடெக் பூங்கா 1996-ல திறந்தது. நாட்டுலயே முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா. அதுக்கு முன்னாடி இந்தச் சுத்து வட்டாரம் பூரா பால்மரமும் செம்பனையும். என் பாட்டி பால் வெட்டினது பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்துல. விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு நின்னவங்க. பேத்தி நான் அதே விடியல்ல பன்னி சூட்டை (தலையில இருந்து கால் வரைக்கும் மூடுற உடுப்பு) கழட்டி வச்சுட்டு கிளீன் ரூம்ல இருந்து வெளிய வர்றேன்.

இங்க வேலை செய்றவங்களுக்கு 12 மணி நேர ஷிஃப்ட். லீவு நாள் ஆளுக்கு ஆள் மாறும். பந்து ஆடணும்னா 22 பேர் வேணும், அத்தனை பேருக்கும் ஒரே நாள் லீவு கிடைக்கிறது குதிரைக் கொம்பு. தோட்டத்துல இருந்தப்போ சாயங்காலம் ஆனா எல்லாரும் திடல்ல இருந்தாங்க, அணி தானா சேர்ந்துச்சு. இப்போ ஒருத்தர் தாமான்ல, இன்னொருத்தர் ஃபிளாட்டுல, இன்னொருத்தர் ஹாஸ்டல்ல. இந்த ஆட்டத்துக்குப் பன்னெண்டு பேர் போதும். ஆறு பேர் வந்தாலும் மூணுக்கு மூணு ஆடலாம். எங்க கூட்டம் தொடங்கினதுக்கு இந்தக் கணக்குதான் காரணம். கே.எல்.ல ஆடிப் பழகின ஒரு கிளந்தான் பையன் இங்க வேலைக்கு வந்தான். அவன் கையில ஒரு பழைய பக் இருந்துச்சு. அது போதுமா இருந்துச்சு.

குளம் தேடினதுதான் பெரும்பாடு. காண்டோ குளமெல்லாம் 1.2 மீட்டர் ஆழம், குனிஞ்சு எடுத்துடலாம் பக்கை. ஆழமான குளம் வச்சிருந்த ஒரு இடத்துல, "ஈயக்கட்டியை வச்சு என் டைல்ஸை உடைக்கவா?"ன்னு கேட்டு அனுப்பிட்டாங்க. இன்னொரு இடத்துல அந்தப் பையன் பேசவே இல்ல. பக்கை எடுத்தான், மேனேஜர் எதிர்லயே ஈரத் தரையில சர்ருனு தள்ளி விட்டான். கேரம் ஸ்ட்ரைக்கர் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போயி சுவர்ல முட்டி நின்னுச்சு. தரையில ஒரு கீறல் இல்ல. மேனேஜர் குனிஞ்சு விரலால தடவிப் பார்த்துட்டு, "ஞாயிறு சாயங்காலம் வாங்க"ன்னுட்டார்.

சாமானுக்கு வர்றேன். காசுக் கதை இங்கதான் அடிபட்டுப் போகுது.

கட்டை நாங்களே செஞ்சது. நாற்காலி மேசை செய்ற கடையில வெட்டிப் போட்ட மரத் துண்டு, அதுல அட்டையை வச்சுக் கோடு போட்டு, அறுத்து, உப்புத்தாள் தேய்ச்சு, எபாக்ஸி பூசி, பாதிக்குக் கறுப்பு, பாதிக்கு வெள்ளை (ரெண்டு அணிக்கும் நிறம் வேற வேற இருக்கணும்). கைப்பிடியை அவங்கவங்க கைக்குத் தக்க தேய்ச்சுக்கணும். என் கட்டையை என் தங்கச்சி பிடிச்சா அவளுக்கு வழுக்கும்.

கையுறைதான் ரொம்ப ரசிச்சு செஞ்சேன். விரல் முட்டி டைல்ஸ்ல உரசும், எதிராளி தள்ளுற பக் வந்து மோதும், அதனால கட்டை பிடிக்கிற கைக்கு உறை கட்டாயம். கடையில வாங்கினா விலை. ஹார்டுவேர் கடைக்குப் போயி ஒரு ஜோடி துணிக் கையுறையும், குளியலறை ஓரம் அடைக்கிற சிலிகான் டியூப்பும் வாங்குங்க. நிறம் கட்டையோட நிறத்துல இருந்து பளிச்னு வேறா இருக்கணும், இல்லாட்டி பக்கைத் தொட்டது கையா கட்டையான்னு நடுவருக்குத் தெரியாது. உறையைக் கையில மாட்டி, கட்டையைப் பிடிக்கிற மாதிரி விரலை மடக்கிக்கோங்க. முட்டிங்க மேல, ஆள்காட்டி விரல் ஓரத்துல, கட்டை விரல் பக்கம் சிலிகானை வரிவரியாப் பிழிஞ்சு, சோப்புத் தண்ணியில நனைச்ச விரலால தடவி விடணும். வீடு பூரா வினிகர் வாடை அடிக்கும், சன்னலைத் திறந்து வைங்க. ஒரே தடவையில கனமா பூசினா விரல் மடங்காது. மெல்லிசா மட்டும் பூசினா ரெண்டு ஆட்டத்துல உரிஞ்சிடும். மெல்லிசா ஒரு பூச்சு, ராத்திரி முழுக்கக் காயவிட்டு மேல இன்னொண்ணு. அப்படிச் செஞ்சதுதான் இன்னும் என் கையில இருக்கு.

மாஸ்க், ஸ்நோர்க்கல், ஃபின்ஸ், காதுக் காப்பு வச்ச தொப்பி, பல்லுக்கு ஒரு காப்பு. இதெல்லாம் வாங்கித்தான் ஆகணும். பழசு கிடைக்குது. பந்து ஆடுறவன் பூட்ஸுக்குக் கொடுக்கிறதை விட ரொம்பக் கூடிடாது.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: நீச்சல் கண்ணாடி ஆகாது. மூக்கையும் சேர்த்து மூடுற மாஸ்க்தான் வேணும். கீழ போகப் போக அழுத்தம் கூடும், 2 மீட்டர்லயே காத்தழுத்தத்துல அஞ்சுல ஒரு பங்கு கூடிடும். மாஸ்க்குன்னா மூக்கு வழியா கொஞ்சம் காத்தை உள்ள விட்டுச் சமாளிக்கலாம். நீச்சல் கண்ணாடியில அது முடியாது, கண்ணை இழுத்துப் பிடிக்கும். காதுக்கு மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா ஊதணும், "டப்"னு திறக்கும். சளி பிடிச்சிருக்கிற அன்னைக்கு வீட்டுல இருங்க.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

தண்ணிக்கு அடியில யாரும் கத்த முடியாது. "இங்க போடு, இங்க போடு"ன்னு திடல்ல ஒருத்தன் கூச்சல் போட்டுக்கிட்டே இருப்பான்ல, அவன் வாய் இங்க அடைஞ்சு போச்சு. பக் உங்ககிட்ட இருக்கு, மூச்சு தீரப் போகுது, பத்துப் பதினஞ்சு வினாடிதான் கணக்கு. எவ்வளவு பெரிய ஆட்டக்காரனா இருந்தாலும் பக்கைத் தனியா கோல் வரைக்கும் கொண்டு போறது அபூர்வம். விட்டுட்டு மேல போயே ஆகணும். அப்போ உங்களுக்குப் பின்னாடி ஒருத்தர் புது மூச்சோட கீழ இறங்கி வந்துக்கிட்டு இருக்கணும். நீங்க கேக்காமலே வரணும்.

அதனால மேல மிதக்கிறவங்க சும்மா மிதக்கல. முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சு, கீழ இருக்கிறவனோட மூச்சைக் கணக்குப் பண்ணிக்கிட்டு இருக்காங்க. இவனுக்கு இன்னும் நாலு வினாடி, நான் இப்போ இறங்கினா சரியா இருக்கும்னு. பழகப் பழக அடுத்தவங்க மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும்னு நமக்கு மனப்பாடம் ஆயிடுது. எங்க வீட்டுக்காரர் மூச்சு எனக்கு அவ்வளவு துல்லியமா தெரியாது.

எங்க கூட்டத்துல ஒரு அக்கா இருக்காங்க. லூனாஸ் பக்கம். வயசு நாற்பத்தஞ்சு தாண்டியாச்சு. ஷிஃப்ட் பூரா நின்னு நின்னு முட்டி போயிடுச்சு, தண்ணியில பாரம் தெரியாதுன்னு டாக்டர் சொன்னதால எங்களோட வந்தாங்க. நீச்சல் சுத்தமா தெரியாது. தோட்டத்துல வளர்ந்த பொம்பளைப் பிள்ளைக்கு யார் நீச்சல் கத்துக் கொடுத்தா? "தண்ணிக் கிட்ட போகாதே"ங்கிறதுதான் எங்க எல்லாருக்கும் கிடைச்ச ஒரே பாடம். ஈயக்குட்டை பக்கம் போனா அடி. செடிம் ஆத்துக்குப் பிக்னிக் போனாலும் கரையில உட்கார்ந்து சட்டியைப் பார்த்துக்கணும்.

முதல்ல நீந்தக் கத்துக்கிட்டாங்க. கொஞ்ச மாசம் ஆழமில்லாத பக்கமே இருந்தாங்க. அப்புறம் ஸ்நோர்க்கல்ல மூச்சு விட்டுக்கிட்டு மேல இருந்தே எங்க ஆட்டத்தைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. ஒரு ஞாயிறு, நான் பக்கை வச்சுக்கிட்டு மூச்சு முட்டி மேல திரும்புறேன், எனக்குப் பக்கத்துல ஒரு நீல உறை போட்ட கை இறங்குது. அக்கா! ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர் தள்ளினாங்க, அந்தக் கிளந்தான் பையன்கிட்ட பக் போயிடுச்சு, மேல வந்துட்டாங்க. வாயில இருந்த ஸ்நோர்க்கலைத் துப்பிட்டு முதல்ல கேட்டது: "ஏம்மா, உனக்கு மூச்சு பத்தலைன்னுதானே வந்தேன், சரியாத்தானே வந்தேன்?"

சரியா வந்தீங்கக்கா. ரொம்பச் சரியா.

இனி பயத்தைப் பத்தி, சொன்னபடி.

மூச்சு முட்டுற உணர்வு ஆக்சிஜன் குறையறதால வர்றதுன்னு பலர் நினைக்கிறாங்க. பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு கூடுறதால வர்றது. நிறைய நேரம் தம் கட்டணும்னு ஆசைப்பட்டு, இறங்குறதுக்கு முன்னாடி வேக வேகமா மூச்சு வாங்கினீங்கன்னா அந்த கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடும். உடம்புக்கு எச்சரிக்கை மணி அடிக்காது. நல்லாத்தான் இருக்கோம்னு நினைக்கிறப்பவே, ஆக்சிஜன் தீர்ந்து மயக்கம் போட்டுடும். தண்ணிக்குள்ள மயக்கம்னா என்னன்னு சொல்ல வேணாம். நல்லா நீந்துறவங்கதான் இதுல மாட்டுறாங்க. அதனால எங்க குளத்துல மூணு விதி: வேக மூச்சு வாங்கக் கூடாது, யார் அதிக நேரம் தம் கட்டுறான்னு பந்தயம் கூடாது, தனியா யாரும் இறங்கவே கூடாது. முட்டுதுன்னா மேல வந்துடணும். கோல் விழுந்தா விழட்டும்.

இந்த விதியோட, ஆளுங்க சுத்தி நிக்கிற குளத்துல ஆடுறதையும், மேல எங்கயோ மழை பேஞ்சு திடீர்னு கெப்பாலா ஆயர் அடிச்சு வர்ற ஆத்துல நீச்சல் தெரியாம இறங்குறதையும் ஒண்ணா வச்சுப் பேசாதீங்க. ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் நம்ம பிள்ளைங்க ஆத்துலயும் குட்டையிலயும் போறதை பேப்பர்ல படிக்கிறோம். தண்ணியைப் பார்த்துப் பயப்படு, பயப்படுன்னே மூணு தலைமுறையா வளர்த்தோம். அந்தப் பயம் ஒரு பிள்ளையையும் கரை சேர்க்கல. தண்ணியைப் பழக்கினா சேரும். வெறும் நீச்சல் வகுப்புன்னா பசங்க நாலு வாரத்துல சலிச்சுக்கிறாங்க. தரையில ஒரு பக்கைப் போட்டுட்டா வெளிய வர மாட்டேங்கிறாங்க. என் அக்கா மகனை வச்சே பார்த்துட்டேன்.

அதனால என் ஆசை இது. கூலிம், லூனாஸ், பாடாங் செராய் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்களுக்கு மாசத்துல ஒரு ஞாயிறாவது குளத்தை எடுக்கணும். முதல்ல நீச்சல், அப்புறம் பக். குளத்து வாடகையைப் பங்கு போட்டா தலைக்கு ஒரு நாசி லெமாக், ஒரு தே தாரிக் காசுதான் வருது, கணக்குப் போட்டு வச்சிருக்கேன். சொல்லிக் கொடுக்க நாங்க இருக்கோம். நீச்சல் பயிற்சியாளர் சான்றிதழ் உள்ள ஒருத்தரும் உயிர்காப்பாளர் ஒருத்தரும் வேணும், அதுக்குத்தான் ஆள் தேடிக்கிட்டு இருக்கேன். இங்க இருக்கிற ஃபேக்டரிங்க ஃபேமிலி டேக்குச் செலவு பண்றதுல ஒரு ஓரத்தைக் கிள்ளிக் கொடுத்தா வருஷம் பூரா ஓட்டிடலாம். எச்.ஆர்.ல இருக்கிற நண்பர்கள் இதைப் படிச்சா கொஞ்சம் மனசு வைங்க.

பெரியவங்க வர்றதா இருந்தா: கண்ணாடி போடுறவங்க பவர் லென்ஸ் வச்ச மாஸ்க் வாங்கிக்கலாம். இருதயக் கோளாறு, வலிப்பு, ஆஸ்துமா இருந்தா முதல்ல டாக்டரைக் கேட்டுட்டு வாங்க. உடை எங்க ஆளுங்க முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடைதான், யாரும் கூச்சப்பட வேணாம். ஆணும் பெண்ணும் ஒண்ணாத்தான் ஆடுறோம். வயிறு முட்ட சாப்பிட்டுட்டு மட்டும் வராதீங்க. கட்டையும் கையுறையும் நாங்க தர்றோம், உறை பெரிய சைஸ் இப்போதைக்கு ரெண்டுதான் இருக்கு, சிலிகான் காயணும்.